சேலத்துல தோல் ஓ.பி.க்கு யார் யார் வர்றாங்க, எதுக்கு வர்றாங்க? அடிக்கடி கேக்குற கேள்விங்க

சேலத்துல ஒரு ஆஸ்பத்திரி தோல் ஓ.பி.ல ரொம்ப வருஷம் நர்ஸா இருந்துட்டு ரிடையர் ஆனவ நான். டாக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிடுறேன். ஆனா சீட்ட வாங்கிக்கிட்டு "எங்கம்மா அரிக்குது, எத்தன நாளா அரிக்குது, என்ன தடவுன"ன்னு கேட்டு கேட்டே பாதி ஆயுசு போயிருச்சு. இப்பவும் தெருவுல பாத்தா சட்டைய தூக்கி காட்டுறாங்க, வாட்ஸ்அப்ல மங்கலா ஒரு ஃபோட்டோ அனுப்பி "சிஸ்டர் இது என்ன"ங்குறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதி வெச்சுட்டேன்.

சிஸ்டர், தோல் ஓ.பி.க்கு அதிகமா எதுக்கு வர்றாங்க?

அரிப்புக்குத்தாங்க. வரிசைல நிக்கிறவங்கள பாத்தாலே தெரியும், பாதி பேர் சொறிஞ்சுக்கிட்டே நிப்பாங்க. படர்தாமரை, சொறி சிரங்கு, கரப்பான்னு நாம சொல்ற எக்ஸிமா, இந்த மூணும்தான் கூட்டத்துக்கு முக்கால் காரணம். அதுக்கப்புறம் பரு, மங்கு, தேமல், காணாக்கடி, பாலுண்ணி, மரு, சீழ் கட்டி, அக்கி, வெண்புள்ளி, சொரியாசிஸ்னு கலந்து வரும். ஒட்டிக்கிற நோயெல்லாம் ஒரு பக்கம், எக்ஸிமா அலர்ஜி வகையெல்லாம் இன்னொரு பக்கம்னு ரெண்டு மூட்டையா பிரிச்சீங்கன்னா, நம்மூர் கவர்மென்ட் ஓ.பி. எதுக்கு போனாலும் இந்த ரெண்டும்தான் பெரிய மூட்டை.

அப்ப சேலத்துல இருக்குற தோல் வியாதில இதான் அதிகம்னு எடுத்துக்கலாமா?

அதான் இல்ல. ஓ.பி. ரிஜிஸ்டர் வேற, ஊர் வேற. பொடுகுக்கு யாரும் சீட்டு போட்டு வர மாட்டாங்க, ஷாம்பு வாங்கிப்பாங்க. பருவுக்கு பொண்ணுங்க முதல்ல பார்லர் போகும், அப்புறம் யூடியூப், கடைசியாத்தான் நாங்க. அம்மை போட்டா வேப்பிலைய கட்டி வீட்டுலயே படுக்க வெச்சிடுவாங்க, ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் நோம்பி சமயத்துல வந்துட்டா ஊசி மாத்திரைன்னு வாயத் தொறக்கவே முடியாது. அக்கிக்கு வேற எடம் இருக்கு, கீழ சொல்றேன். ஆக ஓ.பி.க்கு வர்றது எதுன்னா, மெடிக்கல் ஷாப்ல ரெண்டு மூணு டியூப் வாங்கி தடவி தோத்துப் போனது. இல்லன்னா ராத்திரி தூங்க விடாம பண்றது. அரிக்கிறது வரும், அரிக்காதது வராது. இத மனசுல வெச்சுக்கோங்க, கடைசில இதுக்கே திரும்ப வரணும்.

படர்தாமரை முன்னாடி இவ்ளோ இல்லையே, இப்ப வீட்டுக்கு வீடு ஏன்?

நெசம்தான். நான் வேலைக்கு சேந்த புதுசுல படர்தாமரைன்னா காசு மாதிரி ஒரு வட்டம், ஒரு களிம்ப ரெண்டு மூணு வாரம் தடவுனா போயிரும், லேசான கேஸ்னு ஜூனியர் டாக்டருங்ககிட்ட விட்டுருவாங்க. கடந்த பத்து பன்னெண்டு வருஷமா கதையே மாறிடுச்சு, இடுப்பு, தொடையிடுக்கு, மார்புக்கு கீழ, முகம்னு உள்ளங்கை அகலத்துக்கு பரவி வருது, குழந்தைக்கும் வருது, போயி போயி திரும்புது. நம்ம ஊர் மட்டும் இல்ல, நாடு பூரா இதே கதை. இந்த பூஞ்சைல ஒரு வகைக்கு 2020ல டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியேன்னு தனிப் பேரே வெச்சுட்டாங்க, நம்ம நாட்டுப் பேர அதுல சேத்து, பெருமைப்படவா முடியும்? பூஞ்சைக்கு வழக்கமா குடுக்குற டெர்பினாஃபின் மாத்திரைக்கு இதுல நிறைய அடங்கறதில்ல.

பூஞ்சை ஒரு பக்கம்னா நம்ம பழக்கம் இன்னொரு பக்கம். சேலம் வெயில்ல டைட் ஜீன்ஸ், அரணாக்கயித்துக்கு கீழ வேர்வை, ஈரம் காயாத உள்ளாடை, வீட்டுல எல்லாருக்கும் ஒரே துண்டு. புருஷனுக்கு வைத்தியம் பாத்து பொண்டாட்டிக்கு பாக்காம விட்டா பதினஞ்சு நாள்ல அவரு திரும்ப வந்து நிப்பாரு. "சரியாயிடுச்சு"ன்னு மருந்த பாதில நிறுத்துறது அதவிட மோசம், வட்டம் மறைஞ்ச பிறகும் குறைஞ்சது ரெண்டு வாரமாவது தடவணும், அதுவும் வட்டத்து மேல மட்டும் இல்ல, அத சுத்தி ரெண்டு விரக்கடை நல்ல தோல்லயும் சேத்து.

மெடிக்கல்ல குடுத்த க்ரீம் போட்டா ரெண்டே நாள்ல நின்னுச்சே, அது நல்ல மருந்துதானே?

இந்த கேள்விக்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும். ரெண்டே நாள்ல நின்னுச்சுன்னாலே சந்தேகப்படுங்க. அந்த டியூப்ல மூணு நாலு மருந்து கலந்திருக்கும், பூஞ்சைக்கு ஒண்ணு, கிருமிக்கு ஒண்ணு, கூடவே குளோபெட்டசாலோ பீட்டாமெத்தசோனோ ஸ்டீராய்ட் ஒண்ணு. அரிப்ப நிறுத்துறது அந்த ஸ்டீராய்ட்தான். அது அந்த எடத்துல உடம்போட எதிர்ப்ப அடக்கிடுது, காவக்காரன தூங்க வெச்சா திருடனுக்கு என்ன கஷ்டம்? பூஞ்சை சத்தமில்லாம பரவும், வட்டத்தோட ஓரம் மறைஞ்சு போயி டாக்டருக்கே இது என்னன்னு குழப்பம் வரும். நிறுத்துனா முன்னவிட ரெண்டு மடங்கா அரிக்கும், அதனால திரும்ப வாங்குவாங்க. தொடையிடுக்குல பிரசவக் கோடு மாதிரி கோடு விழுந்த காலேஜ் பசங்கள எத்தனையோ பாத்திருக்கேன், அந்தக் கோடு போகவே போகாது. வெள்ளையாகணும்னு இதையே முகத்துல போடுற பொண்ணுங்களுக்கு மூஞ்சி செவந்து, தோல் மெலிஞ்சு, பருவும் முடியும் வந்து, வெயில்ல நின்னா எரியும்.

2018ல இந்த ஸ்டீராய்ட் களிம்புகள ஷெட்யூல் ஹெச்ல சேத்தாங்க, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது. விக்காமலா இருக்காங்க? கடைக்காரர மட்டும் சொல்லியும் புண்ணியமில்ல, ஒரு நாள் கூலிய விட்டுட்டு ஓ.பி. வரிசைல நிக்கிறதவிட அந்த டியூப் மலிவா தெரியுது, அதுவும் நியாயம்தான். ஸ்டீராய்ட் களிம்பே கெட்டதுன்னும் நெனைச்சுடாதீங்க, எக்ஸிமாவுக்கு டாக்டர் எழுதுனா அதுதான் மருந்து, சொன்ன நாளுக்கு போடணும். படர்தாமரைக்கு போடுறதுதான் தப்பு.

சந்தேகமா இருந்தா ஓரத்துல லேசா சுரண்டி அந்த செதில கண்ணாடில வெச்சு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க, நூல் நூலா தெரிஞ்சா பூஞ்சை. அஞ்சு பத்து நிமிஷ வேலை, வலிக்காது.

வீட்டுல எல்லாருக்கும் ராத்திரியானா அரிப்பு, பூச்சிக்கடியா சிஸ்டர்?

எல்லாருக்கும், ராத்திரி, விரல் இடுக்குல, மணிக்கட்டுல, இடுப்புல, தொப்புள சுத்தி. இப்படி சொன்னா நான் சீட்ட பாக்காமயே சொல்லிடுவேன், சொறி சிரங்கு. கண்ணுக்கு தெரியாத ஒரு சிலந்திப்பேன் தோலுக்குள்ள குழி தோண்டி முட்டை விடுது. உலக சுகாதார நிறுவனமே 2017ல இத கவனிக்காம விட்ட வெப்பமண்டல நோய்ங்க பட்டியல்ல சேத்துச்சு, அவ்ளோ பேருக்கு இருக்கு. ஹாஸ்டல் பசங்க லீவுக்கு வரும்போது கொண்டு வருவாங்க. முதல் தடவன்னா ஒட்டி நாலுலேருந்து ஆறு வாரம் கழிச்சுத்தான் அரிப்பே ஆரம்பிக்கும், அதுக்குள்ள தம்பி தங்கச்சி பாட்டின்னு எல்லாருக்கும் போயிருக்கும். அதனாலதான் "எனக்கு அரிக்கல, எனக்கெதுக்கு மருந்து"ங்கிற தாத்தாவுக்கும் தடவணும்னு சண்ட போடுறோம்.

பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம், கழுத்துலேருந்து உள்ளங்கால் வரைக்கும், அரிக்கிற எடம் மட்டும் இல்ல மொத்த உடம்புக்கும், நகத்துக்கடில, விரல் இடுக்குல, மறைவான எடத்துல எல்லாம். ராத்திரி போட்டுட்டு காலைல குளிக்கணும், எட்டுலேருந்து பன்னெண்டு மணி நேரம் உடம்புல இருக்கணும், நடுவுல கை கழுவுனா கைல திரும்ப தடவணும். வீட்டுல எல்லாரும் ஒரே ராத்திரி. ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவ. கைக்குழந்தைக்கு தலைக்கும் சேத்து போடணும், ஆனா குழந்தைக்கும் மாசமா இருக்கறவங்களுக்கும் டாக்டர கேக்காம எதுவும் போடாதீங்க. துணி போர்வையெல்லாம் சுடுதண்ணில அலசி சேலம் வெயில்ல ஒரு நாள் போட்டா போதும், துவைக்க முடியாதத கவர்ல கட்டி ஒரு வாரம் ஓரமா வெச்சிடுங்க, ஆள் உடம்ப விட்டு அந்தப் பூச்சி ரெண்டு மூணு நாளைக்கு மேல தாங்காது.

போட்டாச்சு, இன்னும் அரிக்குதே?

பூச்சி செத்தாலும் அரிப்பு ரெண்டு வாரம், சில பேருக்கு நாலு வாரம் கூட இருக்கும். பயந்துக்கிட்டு தெனமும் தடவாதீங்க, அந்த மருந்தே தோல எரிச்சு புதுசா ஒரு அரிப்பு கெளப்பும். நாலு வாரம் தாண்டியும் புதுப் புள்ளி வந்தா வாங்க.

எந்த மாசத்துல என்ன வரும்னு சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு சொல்லலாம். மார்ச்லேருந்து மே வரைக்கும் வேர்க்குரு, சீழ் கட்டி, படர்தாமரை, தேமல், குழந்தைங்களுக்கு அம்மை. வெயில் பட்டா கழுத்துலயும் முன்னங்கைலயும் அரிச்சு தடிக்கிறதும் அப்பத்தான். ஐப்பசி மழைல சேத்துப்புண்ணு. அதோட ராத்திரி லைட்டுக்கு வர்ற ஒரு சின்ன செவப்பு கருப்பு பூச்சி, கழுத்துல உக்காந்தா தெரியாம தேய்ச்சு நசுக்கிடுவோம், காலைல பாத்தா சுட்ட மாதிரி கோடா கொப்புளம். அத கடிக்குதுன்னு நெனைக்காதீங்க, நசுக்குறப்ப வர்ற ரசம்தான் எரிக்குது, ஊதி விட்டுட்டு சோப்பு போட்டு கழுவுங்க. மார்கழி தைல வறண்ட தோல், பித்தவெடிப்பு, சொரியாசிஸ் கிளம்புறது, வயசானவங்களுக்கு காலு முழுக்க மீன் செதில் மாதிரி ஆகி அரிக்கிறது. சொறி சிரங்குக்கு மட்டும் சீசன்னு இல்ல, குளிருக்கு ஒண்ணா நெருங்கி படுக்குறப்ப இன்னும் கூடும்.

செய்யுற வேலைக்கும் தோலுக்கும் சம்பந்தம் இருக்கா?

நிறையங்க, சேலத்துல இதப் பாக்காம வைத்தியமே பாக்க முடியாது. செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை செய்யுறவங்க கைய பாத்தாலே தெரியும், ஆசிட்ல போட்டு எடுத்து எடுத்து விரல் நுனி வெடிச்சு, ரேகையே தேய்ஞ்சிருக்கும், ரேஷன் கடை மெஷின்ல விரல் பதிய மாட்டேங்குதுன்னு வந்த அம்மா ஒருத்தங்கள மறக்க முடியாது, அவங்களுக்கு அரிப்ப விட அரிசிதான் கவலை. ஆத்தூர் பக்கம் சேகோ ஃபேக்டரில, அதான் ஜவ்வரிசி செய்யுற எடம், மரவள்ளிக் கிழங்கு உரிக்கிற பொம்பளைங்களுக்கு நாள் பூரா கை ஈரம், விரல் இடுக்குல வெள்ளையா ஊறிப்போயி புண்ணு. இளம்பிள்ளை, கொண்டலாம்பட்டி பக்கம் சாயப்பட்டறை ஆளுங்களுக்கு சாயத்தால அலர்ஜி. கொத்தனாருக்கு சிமெண்ட், அதுல இருக்குற குரோமியம் ஒரு தடவ அலர்ஜி ஆகிட்டா ஆயுசுக்கும் விடாது, சிமெண்டு மூட்டைய தொட்டாலே கை கால் வெடிக்கும். வேலைய மாத்துங்கன்னு சொல்றது டாக்டருக்கு சுலபம், கொத்து வேலை மட்டுமே தெரிஞ்சவரு எங்க போவாரு. க்ளவுஸ் போட்டா கை புழுங்குதுங்குறாரு, உள்ள மெல்லிசா ஒரு பருத்தி க்ளவுஸ் போட்டு மேல ரப்பர் போடச் சொல்லுவோம், பாதி பேரு கேப்பாங்க.

காட்டு வேலை செய்யுற பெரியவங்க மூஞ்சி, கழுத்து, முழங்கை மடிப்பெல்லாம் தடிச்சு கருத்து வந்தா முதல்ல கேக்குறது பார்த்தீனியம் செடியத்தான், வெள்ளைப் பூ பூத்து ரோட்டோரம் பூரா நிக்குமே அதேதான். அத தொடணும்னு கூட இல்ல, தூசி காத்துல வந்து பட்டாலே போதும்.

வேலைன்னு இல்ல, வீட்டுலயும் இருக்கு. தலைக்கு அடிக்கிற கருப்பு டை, கவரிங் நகைல இருக்குற நிக்கல், ஸ்டிக்கர் பொட்டுப் பசை. பொட்டு வெச்ச எடத்துல வட்டமா வெள்ளையா போனா உடனே பொட்ட நிறுத்துங்க, குங்குமத்துக்கு மாறிட்டு அதுக்கும் அரிச்சா அதையும் நிறுத்துங்க, மாமியார்கிட்ட நான் பேசிக்கிறேன்.

மாம்பழம் சாப்பிட்டா சூடு, கட்டி வரும்ங்குறாங்களே?

நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு இத நம்புனா எப்படிங்க? கட்டி வர்றது வேர்வைலயும் கிருமிலயும், அது மாம்பழ சீசன்லயே வர்றதால பழி பழத்து மேல. ஆனா மாம்பால் உண்மைலயே எரிக்கும். காம்ப கிள்ளுன உடனே தோல கடிச்சு சாப்பிடுற பசங்களுக்கு வாய சுத்தி புண்ணாகும். கழுவிட்டு தோல் சீவி சாப்பிடுங்க, சர்க்கரை இருக்கறவங்க அளவா.

ஏற்காட்டுலேருந்து வர்றவங்களுக்கு வேற மாதிரி வியாதி வருமா?

கொஞ்சம் வேறதான். சேலத்துல வேத்துக் கொட்டுறப்ப அங்க 1500 மீட்டர் உசரத்துல ஸ்வெட்டர் போட்டிருப்பாங்க. அதனால வேர்க்குருவும் தேமலும் கம்மி, வறட்சியும் வெடிப்பும் எக்ஸிமாவும் அதிகம். மழைக்காலத்துல காப்பித் தோட்டத்துல அட்டைக்கடி, கடிச்ச எடத்த சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கிட்டு வருவாங்க. காப்பிப் பழம் பறிக்கிற சீசன்ல எஸ்டேட் லயன் வீட்டுல ஒரே ரூம்ல ஏழெட்டு பேரு படுக்குறாங்க, ஒரே கம்பளி, அப்புறம் சொறி சிரங்குக்கு கேக்கணுமா.

ஒண்ணு மட்டும் மலைல இருந்து வர்ற வயசானவங்ககிட்டதான் நான் பாத்தேன், முன்னங்கால்ல வலை பின்னுன மாதிரி பழுப்பு கோடு கோடா. அரிப்பும் இல்ல வலியும் இல்ல. குளிருக்கு அடுப்புகிட்ட கால நீட்டி தெனமும் மணிக்கணக்கா உக்காந்தா அந்த சூட்டுல வர்றது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க பாட்டின்னா, "தள்ளி உக்காந்தா எதுக்குடி அடுப்பு"ங்கும். வருஷக்கணக்கா விட்டா அந்த எடத்துல ஆறாத புண்ணு, அபூர்வமா புத்துநோய் கூட வரலாம், அதனால அலட்சியம் வேண்டாம்.

அங்கிருந்து வர்றவங்க லேட்டா வருவாங்க. இருபது கொண்டை ஊசி வளைவு எறங்கி, வாந்தி எடுத்து, ஓ.பி. முடியுறதுக்குள்ள வந்து சேந்து, திரும்ப பஸ் புடிக்கணும், ஒரு நாள் கூலி போச்சு. அவங்களுக்கு "வாரா வாரம் வாங்க"ன்னு சீட்டுல எழுதுறதுல அர்த்தமே இல்லன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன்.

அக்கிக்கு காவி எழுதுனா போதாதா?

குயவர் வீட்டுல போயி செங்காவி எழுதிக்கிறது நம்ம வழக்கம், நான் கிண்டல் பண்ண மாட்டேன், எங்கம்மாவுக்கும் எழுதியிருக்கு. அக்கி தானாவே ரெண்டு மூணு வாரத்துல காயுற வியாதி, அதனால பேரு காவிக்கு போகுது. ஆனா இது சின்ன வயசுல வந்த அம்மையோட கிருமி நரம்புல ஒளிஞ்சிருந்து திரும்ப கெளம்புறது. உடம்புல ஒரே பக்கமா பட்டையா எரிச்சலும் கொப்புளமும் வந்தா, 72 மணி நேரத்துக்குள்ள அசைக்ளோவிர் மாதிரி மாத்திரை ஆரம்பிச்சாத்தான் முழுப் பலன். வயசானவங்களுக்கு கொப்புளம் போன பிறகும் மாசக்கணக்குல நரம்பு வலி நிக்கும், அதுதான் கொடுமை. எழுதிக்கணும்னா எழுதிக்கோங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கும் வாங்க. நெத்தி, கண்ணு, மூக்கு நுனில வந்தா காவிக்கெல்லாம் நேரமே இல்ல, நேரா வாங்க.

கழுத்து பின்னாடி கருப்பா, எவ்ளோ தேய்ச்சும் போகல?

அது அழுக்கு இல்ல, தேய்க்காதீங்க. சுகர் பாருங்க, எடை பாருங்க. இன்சுலின் சரியா வேலை செய்யலங்கிறத கழுத்து முன்கூட்டியே சொல்லும், இப்ப பத்து வயசு பிள்ளைங்களுக்கே வருது.

மாத்திரை போட்டா ஒரே எடத்துல வட்டமா கருக்குது?

அதே மாத்திரை, அதே எடம், ஒவ்வொரு தடவையும்னா அந்த மாத்திரைதான் காரணம். வலி மாத்திரை, சில ஆன்டிபயாடிக் இதெல்லாம் செய்யும். பேர ஒரு அட்டைல எழுதி பர்ஸ்ல வெச்சுக்கோங்க. அதவிட முக்கியம், புது மாத்திரை, அதுவும் வலிப்பு மாத்திரை, யூரிக் ஆசிட் மாத்திரை, சல்ஃபா மாதிரி ஆரம்பிச்சு சில வாரத்துக்குள்ள காய்ச்சலோட தோல் வலிச்சு, வாய் கண்ணெல்லாம் புண்ணாகி, தோல் உரிஞ்சா அது ஓ.பி. கேஸ் இல்ல, எமர்ஜென்சி. உதடு வீங்கி மூச்சு திணறினாலும் அப்படித்தான்.

சொரியாசிஸ் ஒட்டுமா?

ஒட்டாது. தட்டு டம்ளர பிரிச்சு வெக்காதீங்க. பேரு எழுதாத பொடி, "ஒரே ஊசில சரியாகும்" இதுக்கெல்லாம் போகாதீங்க, உள்ள ஸ்டீராய்ட் இருந்து திடீர்னு நிறுத்துனா உடம்பு மொத்தமும் செவந்து உரிஞ்சு வார்டுல படுக்க வெச்சிடும்.

தோல்ல வெள்ளையா ஒரு எடம் இருக்கு, பயமா இருக்கு, என்னவா இருக்கும்?

வெள்ளைல பல வெள்ளை இருக்கு. மார்புலயும் முதுகுலயும் பொடி உதிர்ற மாதிரி இருந்தா தேமல், மருந்து போட்டு பூஞ்சை போன பிறகும் நெறம் திரும்ப மாசக்கணக்காகும். குழந்தை கன்னத்துல மங்கலா இருந்தா வயித்துல பூச்சின்னு சொல்வாங்க, பூச்சியும் இல்ல ஒண்ணும் இல்ல, வறண்ட தோல், எண்ணெய் தடவுனாலே போகும். பால் மாதிரி வெள்ளைன்னா வெண்புள்ளி, ஒட்டாது, குஷ்டத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, "வெண்குஷ்டம்"ங்கிற வார்த்தைய விட்டுடுங்க.

நான் பயப்படுறது வேற ஒண்ணுக்கு. வெளிறியோ செம்புச் செவப்பாவோ ஒரு எடம், அரிக்காது, வலிக்காது, அங்க வேர்க்காது, முடி உதிர்ந்திருக்கும், பஞ்சால தொட்டா தொட்டதே தெரியாது. முதல்ல சொன்னேனே அரிக்காதது வராதுன்னு, அது இதத்தான். தொழுநோய் இன்னைக்கும் இருக்குங்க. 2005ல நாட்டளவுல பத்தாயிரம் பேருக்கு ஒண்ணுக்கும் கீழ வந்துடுச்சுன்னு அறிவிச்சாங்க, சந்தோஷம், ஆனா "ஒழிஞ்சிடுச்சு"ன்னு ஜனங்க புரிஞ்சுக்கிட்டாங்க, பாக்குறதையே விட்டுட்டாங்க. படர்தாமரைக்கு சட்டைய கழட்டுனவரு முதுகுல, அவருக்கே தெரியாம, இப்படி ஒரு எடம் இருந்து எங்க டாக்டர் கண்டுபுடிச்சத நான் பாத்திருக்கேன். செருப்பு கழண்டு போனது தெரியாம நடக்குறது, சூடான டம்ளர் சுட்டது தெரியாம புடிக்கிறது, காது மடல் தடிக்கிறது, இதெல்லாம் இருந்தா அன்னைக்கே வாங்க. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் இந்த கூட்டு மருந்து இலவசம், ஆரம்பத்துல இருந்தா ஆறு மாசம், கூட பரவியிருந்தா பன்னெண்டு மாசம். மருந்து ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே மத்தவங்களுக்கு பரவுறது நின்னுடும், வீட்ட விட்டு பிரிய வேண்டியதில்ல. தோல் கொஞ்சம் கருக்கும், அது மருந்தால, நிறுத்துன பிறகு மெல்ல போயிடும். கூட இருக்கறவங்களையும் பாத்து ரிஃபாம்பிசின் ஒரு டோஸ் குடுப்பாங்க.

ஓ.பி.க்கு வரும்போது என்ன எடுத்துட்டு வரணும்?

பழைய சீட்டு, சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையும். அன்னைக்கு காலைல களிம்பு, மஞ்சள், பவுடர் எதுவும் பூசிட்டு வராதீங்க, அடில என்ன இருக்குன்னே தெரியாது. கழட்ட சுலபமான துணி போட்டுட்டு வாங்க. முக்கியமா, இதுவரைக்கும் தடவுன டியூப் எல்லாத்தையும் கொண்டு வாங்க, காலியானாலும் பரவால்ல. ஓமலூர் பக்கத்துலேருந்து ஒரு பெரியவரு "ஒண்ணுமே தடவலம்மா"ன்னு சாதிச்சாரு, அவரு வீட்டம்மா ஒண்ணும் பேசாம மஞ்சப்பைய மேஜை மேல கவுத்துச்சு, எண்ணிப் பாத்தா பதினொரு டியூப்பு, அதுல ஒம்போது ஒரே க்ரீம்.